இந்தப் போனை யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள்? கைபேசிப் புழக்க ஆய்வு: ஓர் எளிய அறிமுகம்

ஆரணியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் "நீங்கள் கைபேசி பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால், "எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?" என்பார். கணக்கெடுக்க வந்தவர் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

போன மாதம் ஒரு நாள் முழுக்க அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சிறுமி பள்ளிக்குக் கிளம்பும் முன் ஓடி வந்து, பெரியம்மாவின் போனில் முருகன் பாடல்களை ஓடவிட்டுப் போனாள். ஒன்பது மணிக்குப் பெரியம்மாவே போனை எடுத்துப் பூக்காரருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். இன்றைக்கு இரண்டு முழம் வேண்டும் என்று அதற்குப் பொருள். மதியம் ஓசூரிலிருந்து மகன் வீடியோ காலில் வந்தார். அழைப்பை ஏற்று, போனைச் சரியான கோணத்தில் பிடித்துக் கொடுத்தது எதிர்வீட்டு மருமகள். மகன் பேசி முடித்ததும் அதே போனில் அந்த மருமகள் தன் அம்மாவை அழைத்து அரை மணி நேரம் பேசினார். பெரியம்மா அடுக்களைக்குள் போய்விட்டார், வேண்டுமென்றேதான்.

போனின் உறைக்குள் மடித்த நூறு ரூபாய்த் தாள், ஒரு மாத்திரை அட்டையின் துண்டு, பென்சிலால் நான்கு எண்கள் எழுதிய சின்ன அட்டை. பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால், போனுக்குள் பதிந்திருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பேரன் ஒரு படம் வைத்துக் கொடுத்திருக்கிறான். பூக்காரருக்கு ரோஜா, கேஸ் கம்பெனிக்குச் சிலிண்டர், மகனுக்கு அவருடைய கல்யாணப் படம்.

இப்போது சொல்லுங்கள், பெரியம்மா கைபேசி பயன்படுத்துகிறாரா, இல்லையா? அந்த வீட்டில் ஒரே ஒரு போன்தான், அதுவும் அவர் பெயரில். ஆனால் அன்று அதைத் தொட்டவர்கள் மூன்று பேர். அழைப்பு நேரத்தில் பெரும்பகுதி வேறொருவருடையது.

மக்கள் அன்றாட வாழ்க்கையில் கைபேசியை எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராய்பவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த முடிச்சைத்தான். மானிடவியல், சமூகவியல், பொருளியல், கணினித் துறை என்று பல பக்கங்களிலிருந்தும் இதற்குள் ஆட்கள் வருகிறார்கள். கருவிகளும் பலவிதம்: கேள்விப் பட்டியல், நாட்குறிப்பு, போனே பதியும் தரவு, மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்ப்பது. எந்தக் கருவி எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று தெரிந்துகொண்டால் இந்தத் துறையின் பாதி புரிந்துவிடும்.

பெரியம்மாவைப் போன்றவர்களைப் பற்றி ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. நித்யா சாம்பசிவனும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் பார்த்தவற்றை மூன்று விதமாகப் பிரித்துச் சொன்னார்கள். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரே முழுக்க இயக்குவது ஒன்று. தொடங்கும் வேலையை மட்டும் செய்து கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது இன்னொன்று. பாட்டை ஓடவிட்டுப் போன சிறுமியைப் போல. திரையில் வருவதைப் படித்து அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்வது மூன்றாவது. மூன்றிலும் பலனை அனுபவிப்பவர் கருவியைத் தொடாமலே இருக்கலாம். கருவியைத் தொடுபவரை மட்டும் எண்ணினால், பெரியம்மாவைப் போன்ற எத்தனையோ பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். எனக்கு இந்தத் துறை மீது பிடிப்பு வந்ததே இதனால்தான். கணக்கில் வராதவர்களுக்காக யாரும் எதையும் வடிவமைப்பதில்லை.

கேள்வி கேட்கும் விதத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்களிடம் "உங்கள் வீட்டில் கைபேசி இருக்கிறதா?" என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை, "நீங்களே பயன்படுத்தும் கைபேசி உங்களிடம் இருக்கிறதா?" என்றும் கேட்டார்கள். 2019–21 ஆய்வில் இந்தியப் பெண்களில் 54 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள். வீட்டில் போன் இருப்பதும் பெண் கையில் போன் இருப்பதும் வேறு வேறு என்பது அந்த ஒரு கேள்வியால் தெரியவந்தது. கையில் இருந்தாலும் அது முழுக்க அவருடையதா என்பது அடுத்த கேள்வி. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணவர், பிள்ளை, மாமியார் என எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போனில் தனக்கென்று ஓர் இடத்தைப் பெண்கள் எப்படி உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் பூட்டுப் போடுகிறார்கள். சிலர் ஒரே ஒரு செய்தியை, ஒரே ஒரு படத்தை அழிக்கிறார்கள். எல்லாவற்றையும் அழித்தால் சந்தேகம் வரும் அல்லவா? இந்த நுணுக்கம் எந்தக் கேள்விப் பட்டியலிலும் சிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, நம்பிக்கை வந்த பிறகு பேசினால்தான் வரும்.

மிஸ்டு காலின் இலக்கணம்

பூக்காரருக்குப் போன அந்த மிஸ்டு காலைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை. ஆகவே பில்லில் அதற்கு இடமில்லை. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, பூ வந்துவிட்டது.

ருவாண்டாவில் சிறுதொழில் செய்பவர்களிடம் பேசிய ஜொனாதன் டோனர் என்ற ஆய்வாளர், இதற்கென்றே ஒரு கட்டுரையை 2007இல் வெளியிட்டார். அங்கே இதற்கு 'பீப்' என்று பெயர். மிஸ்டு காலில் மூன்று வகை உண்டு என்றார். 'நீ திருப்பிக் கூப்பிடு' என்பது முதல் வகை. 'வந்துவிட்டேன், கீழே இறங்கி வா' என்பதுபோல முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட பொருள் தருவது இரண்டாவது. பூக்காரர் கணக்கு இதில் சேரும். மூன்றாவது வகைக்கு வேலையோ செய்தியோ எதுவும் கிடையாது. உன்னை நினைத்துக்கொண்டேன் என்பது மட்டும்தான்.

இதைவிடச் சுவையானது அதற்குள் இருக்கும் மரியாதை விதிகள். வசதி உள்ளவரே திருப்பி அழைக்க வேண்டும். உதவி கேட்கப் போகிறவர் மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது. தன் காசில் அழைக்க வேண்டும். ஒரு பெண்ணின் மனத்தைக் கவர நினைக்கும் இளைஞன் அவளுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அவனுக்கு மதிப்பில்லை. இந்த விதிகளை எந்தக் கம்பெனியும் எழுதவில்லை, யாரும் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. நம் ஊரிலும் மொய் எழுதுவதற்கு எழுதப்படாத கணக்கு இருக்கிறதே, அதைப் போலத்தான். புழக்கத்தில் தானாக விளையும் இந்த இலக்கணத்தைக் கண்டுபிடித்து எழுதுவது ஆய்வாளர் வேலை.

அது வெறும் ஏட்டு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கென்யாவில் 2005இல் ஒரு சோதனை நடந்தது. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசி வழியாகக் கட்டுவதற்கான ஏற்பாடு அது. நடத்தியவர்கள் கூர்ந்து பார்த்தபோது, மக்கள் தவணை கட்டுவதோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. ஊரில் இருப்பவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள், வியாபாரிகள் ஒருவருக்கொருவர் பாக்கி தீர்த்துக்கொண்டார்கள். அதைக் கவனித்து, 2007 மார்ச்சில் சேவையைத் தொடங்கியபோது வீட்டுக்குப் பணம் அனுப்புவதையே முன்னால் நிறுத்தினார்கள். இன்று உலகம் அறிந்த எம்‑பெசா அதுதான்.

கேட்பதும் எண்ணுவதும்

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறீர்கள் என்று என்னைக் கேட்டால் இரண்டு மணி நேரம் என்பேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. நினைவு அப்படித்தான் சொல்கிறது. 2021இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிப் பார்த்தார்கள். மக்கள் தாங்களே சொன்ன அளவையும் கருவி பதிந்த அளவையும் ஒப்பிட்டால், இரண்டும் ஓரளவுக்கே ஒத்துப்போகின்றன. 'எனக்குப் போன் பித்து உண்டா' என்று அளக்கும் கேள்விகளுக்கு மக்கள் தரும் பதில், கருவி பதிந்த அளவோடு இன்னும் மோசமாகப் பொருந்துகிறது. ஆகவே "இளைஞர்கள் நாளுக்கு இத்தனை மணி நேரம் போனில் கழிக்கிறார்கள்" என்ற செய்தியைப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டியது: அவர்களிடம் கேட்டுச் சொன்னார்களா, அளந்து சொன்னார்களா?

நினைவை நம்ப முடியாது என்பதற்கு ஒரு பழைய தீர்வு உண்டு. 1970களில் சிகாகோவில் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் மக்களிடம் பேஜர் கொடுத்தார். நாளின் ஏதோ ஒரு நேரத்தில் அது ஒலிக்கும். ஒலித்ததும் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், மனம் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். இன்று அந்த வேலையைப் போனே செய்கிறது. இலங்கையின் லேர்ன்ஏசியா நிறுவனம் 2006இல் இந்தியா, இலங்கை உட்பட ஐந்து நாடுகளில் வருமானம் குறைந்தவர்களின் தொலைபேசிப் பழக்கத்தை ஆராய்ந்தபோது, கேள்விப் பட்டியலோடு நாட்குறிப்பையும் கொடுத்து அழைப்புகளைக் குறித்துவரச் சொன்னது. அன்றன்று எழுதுவது, மாதம் முடிந்து யோசித்துச் சொல்வதைவிட நம்பகமானது.

அப்படியானால் போன் பதியும் தரவையே எடுத்துக்கொள்ளலாமே? எடுத்துக்கொள்ளலாம். எத்தனை முறை திறந்தார்கள், எந்தச் செயலி, எத்தனை நிமிடம் என்று அது துல்லியமாகச் சொல்லும். ஆனால் திறந்தது யார் என்று சொல்லாது. பெரியம்மா போனின் அன்றைய தரவை மட்டும் ஒருவர் பார்த்தால், அரை மணி நேரம் பெரியம்மா ஏதோ ஓர் எண்ணுடன் மனம் விட்டுப் பேசினார் என்று முடிவு கட்டுவார். பாட்டு ஓடிய ஒரு மணி நேரத்தில் போன் அலமாரியில் இருந்தது, பெரியம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அதற்குத் தெரியாது.

எண்ணுவதும் கூட இருந்து பார்ப்பதும் எப்படி ஒன்றையொன்று திருத்தும் என்பதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது கேரள மீனவர் கதை. இரண்டு பாகமாகச் சொல்ல வேண்டிய கதை இது. பலர் முதல் பாகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1997இல் வடகேரளக் கடற்கரையில் கைபேசி வந்தது, ஊர் ஊராக, சில மாத, சில ஆண்டு இடைவெளிகளில். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளருக்கு இது ஒரு நல்வாய்ப்பு. கைபேசி வந்த கரையையும் வராத கரையையும் ஒரே காலத்தில் ஒப்பிடலாம். 1996 முதல் 2001 வரை பதினைந்து கரைச் சந்தைகளில் முந்நூறு படகுகளின் மத்தி வியாபாரத்தை வாரந்தோறும் பதிந்தார்கள். மத்தி என்றால் நம் தென்கடற்கரையின் சாளைதான். பிடித்த அன்றே விற்றாக வேண்டிய மீன்.

1997 ஜனவரி 14 காலை வடகரையில் பதினொரு படகுகளின் மீனுக்கு வாங்க ஆள் இல்லை. அதே நேரத்தில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் இருபத்தேழு வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு நின்றார்கள். ஒருவர் நிலைமை மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிறகு கைபேசி வந்தது. அதன் கோபுரங்கள் கரையை ஒட்டி இருந்ததால் கடலுக்குள் இருபது கிலோமீட்டருக்கு மேலேயே சிக்னல் கிடைத்தது. கரை சேரும் முன்பே போன் போட்டு விலை கேட்கத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. விற்காத மீனைக் கடலில் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குபவருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. 2007இல் வெளிவந்த இந்த ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் ஆனது.

இனி இரண்டாம் பாகம். சில ஆண்டுகள் கழித்து ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் கேரளக் கரைகளுக்குப் போய் மீனவர்களோடும் ஏலக்காரர்களோடும் பழகிப் பார்த்தார்கள். போனில் விலை விசாரித்துச் சந்தையை மாற்றும் வழக்கம் கேரளம் முழுக்க ஒன்றுபோல இல்லை என்று கண்டார்கள். பெரிய எஞ்சின் பூட்டிய வலைப்படகு வேறு கரைக்குப் போக முடியும். சின்னப் படகுக்கு அந்த எரிபொருள் செலவு கட்டாது. அதைவிடப் பெரிய தடை கடன். படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவரிடமே மீனை இறக்க வேண்டும் என்ற கட்டு உள்ளவருக்கு, பக்கத்துக் கரையில் எவ்வளவு நல்ல விலை என்று தெரிந்தாலும் அங்கே படகைத் திருப்ப முடியாது.

இதனால் ஜென்சனின் எண்கள் பொய்யாகிவிடவில்லை. அந்தக் கரைகளில், அந்த ஆண்டுகளில், அந்த வகைப் படகுகளுக்கு அது நடந்தது. ஆனால் "போன் கொடுத்தால் போதும், ஏழை மீனவர் உயர்ந்துவிடுவார்" என்று அந்த எண்களிலிருந்து பிறர் இழுத்த முடிவு தவறு. என்ன மாறியது என்பதை எண்ணிக்கை காட்டியது. யாருக்கு மாறியது, யாருக்கு ஏன் மாறவில்லை என்பதைக் கரையில் உட்கார்ந்து பேசியவர்கள் காட்டினார்கள். அரசுத் திட்டம் தீட்டுபவர் மேசையில் இரண்டு ஆய்வும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். முதலாவது மட்டும் இருந்தால், கடனில் மாட்டிக்கொண்ட மீனவர் "போன் கொடுத்தும் முன்னேறாதவர்" என்று பெயர் வாங்குவார்.

கூட இருந்து பார்ப்பது என்றால் வாரக் கடைசியில் போய் வருவது போதாது. ஜமைக்காவில் ஹெதர் ஹோர்ஸ்ட், டேனியல் மில்லர் இருவரும் ஆய்வு செய்தபோது, மக்களின் போனில் இருக்கும் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு பெயராக எடுத்து "இவர் யார், கடைசியாக எப்போது, எதற்குப் பேசினீர்கள்?" என்று கேட்டார்கள். 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்ற மிகச் சிறிய அழைப்புகள் நிறைய இருந்தன. வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் கையில் காசில்லாத நாளில் யாரிடம் கேட்பது என்ற நிலை வரும்போது, இப்படிச் 'சும்மா' பேசி உறவை விட்டுப்போகாமல் வைத்திருந்தவர்களிடம்தான் கேட்க முடிந்தது.

நம் பக்கத்தில், சென்னையின் புறநகரில் ஐ.டி. கம்பெனிகள் வந்து இறங்கிய ஒரு கிராமத் தொகுதியில் ஸ்ரீராம் வெங்கட்ராமன் பதினைந்து மாதம் தங்கிச் சமூக ஊடகப் பழக்கங்களை ஆராய்ந்தார். அலுவலக நேரம், வீட்டு நேரம் என்ற கோடு போனால் எப்படி அழிகிறது என்பதும், புதிதாக வந்த ஊழியர்களுக்கும் பழைய ஊர்க்காரர்களுக்கும் அதில் இருந்த ஒற்றுமையும் அவருடைய முக்கியமான கண்டுபிடிப்புகள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஊரின் பெயர் 'பஞ்சகிராமி'. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அவர் வைத்த பெயர் அது.

பெயரை ஏன் மாற்ற வேண்டும்?

கைபேசிக்குள் ஒருவரின் வீடு, கடன், காதல், நோய் எல்லாம் இருக்கின்றன. அதைப் பார்க்க ஒருவர் அனுமதி தந்தாலும், மறுமுனையில் பேசியவர் தரவில்லை. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று முன்பு நினைத்தார்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த நிம்மதியைக் குலைத்தது. ஐரோப்பாவில் 15 லட்சம் பேரின் பெயரில்லாத கைபேசித் தரவை எடுத்துப் பார்த்ததில், ஒருவர் எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால், 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிட முடிந்தது. காலை வீடு, பகல் அலுவலகம், சாயங்காலம் கோயில், ஞாயிறு மாமியார் வீடு. நம் ஒவ்வொருவருக்கும் இப்படி நான்கு புள்ளிகள் உண்டு.

நீங்கள் மாணவராக இருந்து இதைச் செய்துபார்க்க விரும்பினால் செலவே இல்லை. ஒரு நோட்டு போதும். முதலில் உங்கள் போனையே ஒரு நாள் கவனியுங்கள். எடுத்த நேரம், எடுத்த இடம், யார் உடன் இருந்தார்கள், எதற்காக எடுத்தீர்கள், உண்மையில் என்ன செய்தீர்கள் என்று கோடு போட்டுப் பிரித்த ஐந்து பத்திகள். கடைசி இரண்டும் எவ்வளவு அடிக்கடி ஒத்துப்போகவில்லை என்பதைப் பார்த்து வியப்பீர்கள். இரவில், எத்தனை மணி நேரம் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று ஊகித்து எழுதிவிட்டு, அதன் பிறகு போனின் அமைப்புகளில் போய்ப் பாருங்கள். பிறகு வீட்டில் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவரோடு ஒரு நாள் இருங்கள். கேள்வி குறைவாக இருக்கட்டும். போன் எங்கே வைக்கப்படுகிறது, உறைக்குள் என்ன இருக்கிறது, ஒலித்தால் யார் எழுந்து போகிறார்கள் என்பதைப் பாருங்கள். நானும் இப்படித்தான் தொடங்கினேன். முதல் நாள் நோட்டில் நான் எழுதியதில் பாதி என் ஊகம்; பார்த்ததையும் ஊகித்ததையும் வெவ்வேறு மையில் எழுதுவதற்கு அன்றுதான் பழகினேன். எழுதி முடித்ததும் அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் பகுதியைப் பெரியம்மாவுக்கும் எதிர்வீட்டு மருமகளுக்கும், சிறுமி பற்றிய வரியை அவளுடைய அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ரோஜாப் படம் சரி என்றார் பெரியம்மா. தான் வேண்டுமென்றே அடுக்களைக்குள் போனது மருமகளுக்குத் தெரியட்டும் என்றும் சொன்னார். உறைக்குள் இருந்த அட்டையின் நான்கு எண்களும் யாருடையவை என்று இந்தக் கட்டுரையில் முதலில் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.